தாலி அறுத்த மறுநாள்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். விழுப்புரம் மாவட்டத்துக்குப் பெருமை. அருங்காட்சியகத் துறையில் இருக்கும் நமக்கும் மகிழ்ச்சி. அதே மாவட்டத்தின் வழியாக ஒவ்வொரு சித்திரையிலும் கூவாகம் போய்வரும் திருநங்கைகளின் வரலாற்றைக் காட்சிக்கு வைக்க நாம் என்ன செய்திருக்கிறோம் என்று கேட்டால், பதில் சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது.

உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம், 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது. ஆனாலும் திருவிழாவுக்கு வருகிறவர்கள் இறங்கும் ஊர் இன்றும் விழுப்புரம்தான். மும்பையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் திருநங்கைகள் தங்குவது விழுப்புரத்து லாட்ஜுகளில். மிஸ் கூவாகம் போட்டி நடப்பதும் அங்கேதான். ஓராண்டாகப் பார்க்காத குருவும் அவருடைய சீடரான சேலாவும் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதும் அந்த அறைகளில்தான். சாகை வார்த்தலில் தொடங்கிப் பதினெட்டு நாள் நடக்கும் விழாவில் வெளியூர்க் கேமராக்களுக்கு வேண்டியது இரண்டே கட்டங்கள். ஒன்று, கூத்தாண்டவர் எனப்படும் அரவான் பேரில் தாலி கட்டிக்கொள்ளும் இரவு. மற்றது, மறுநாள் தேரோடி அரவான் களப்பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து ஒப்பாரி வைக்கும் பகல்.

அந்த ஒப்பாரிதான் ஆண்டுதோறும் நாளிதழ்ப் படமாகிறது. படத்தில் இருப்பவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, கேட்டு எடுத்ததா என்பதும் தெரியாது. "கூவாகம், திருவிழா" என்று இரண்டு சொல்லில் அட்டவணைப்படுத்திவிட்டு அடுத்த கோப்புக்குப் போவது நமக்கும் பழகிவிட்டது. தாலி அறுத்த மறுநாள் அவர் எந்த ரயிலில் ஏறினார், எந்த வீட்டுக்குத் திரும்பினார், என்ன வேலைக்குப் போனார் என்பதையும் நாம் வரலாறாக எண்ணியதில்லை.

பழைய ஆவணங்களும் உதவாது. 1871 குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட மாகாணங்களில் இம்மக்களைப் போலீஸ் பதிவேட்டில் ஏற்றியது. அங்கே காப்பகத்தில் மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி கண்காணித்தவனின் கையெழுத்து. இதற்கு மறுமொழி நம் காலத்தில்தான், அதுவும் தமிழில் அழுத்தமாக வந்தது. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ வெளியிலிருந்து பரிவோடு பார்த்த நாவல். அதன்பின் ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’, பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ என்று அவர்களே எழுத வந்தார்கள். மதுரையில் பிரியா பாபு நடத்திவரும் திருநங்கைகள் ஆவண மையம் நம் துறை செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்கிறது. பெங்களூருவில் பால்புதுமையினருக்கான காம்ரா ஆவணக் காப்பகம் இருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு பெட்டி கூட இல்லை.

கண்காட்சி வேண்டும் என்கிறோம். விழுப்புரத்தில் தொடங்கித் திண்டிவனத்துக்கு நகரும் கண்காட்சி. சேகரிக்கப் பொருள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மிஸ் கூவாகம் சுவரொட்டிகள், பட்டைகள், மகுடங்கள். எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகக் கொடுத்த துண்டறிக்கைகள். 2008 ஏப்ரல் 15 அன்று அமைந்த அரவாணிகள் நல வாரியத்தின் முதல் அடையாள அட்டைகள். முதன்முறையாகத் தன் பெயரைத் தாங்கி வந்த ரேஷன் அட்டை. லாட்ஜுகளின் பழைய வருகைப் பதிவேடுகள். கடைசியாகச் சொன்னதில் மட்டும் கவனம் தேவை. அதில் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்களின் பெயரும் முகவரியும் இருக்கும். மறைக்காமல் காட்டினால் அது துரோகம்.

விளக்க அட்டையை யார் எழுதுவது? பிரிட்டனில் ஈ-ஜே ஸ்காட் 2014இல் தொடங்கிய டிரான்சாலஜி அருங்காட்சியகம் இதற்கு வழி காட்டியது. உதட்டுச் சாயம், மருந்துப் பெட்டி போன்ற, திருநர் தந்த அன்றாடப் பொருள்களில், கொடுத்தவர் தன் கையெழுத்திலேயே ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிடுவார். காப்பாட்சியர் அதைத் திருத்துவதில்லை. நம் அருங்காட்சியகங்களின் "இனவரைவியல்" பேழைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். எழுதத் தெரியாதவர் சொன்னதை, அவர் பேச்சு மாறாமல் எழுதிக்கொள்ளலாம்.

உரிமைப் பத்திரத்தில்தான் நம் படிவங்கள் தடுமாறும். அவை வாரிசு என்றால் ரத்த உறவு என்று எடுத்துக்கொள்கின்றன. திருநங்கைகளின் குடும்ப அமைப்பான ஜமாத்தில், குருவின் குருவான ஒரு நானியின் நகையும் படமும் சேலாக்கள் வழியாக இறங்கும். பெற்ற வீடு ஒதுக்கிய ஒருவரின் பொருளுக்கு, அவர் இறந்தபின் அதே வீட்டாரிடம் ஒப்புதல் கேட்பது கேலிக்கூத்து. எனவே நிரந்தரச் சேர்க்கையை விட இரவலே நல்லது. கேட்டால் மறுவாரமே திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும்.

திண்டிவனம் எதற்கு என்று கேட்பார்கள். செஞ்சி, திண்டிவனம் வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் இதயப் பகுதி. செஞ்சியை மையமாக வைத்து இவ்வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபெய்டல் எழுதிய பெருநூல் 1988இல் சிகாகோவில் வெளிவந்தது. அம்மன் விழாக்களில் ‘அரவான் களப்பலி’யை விடிய விடியக் கூத்தில் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அரவான் அந்நியன் அல்ல. கூவாகத்திலும் அரவானின் உறுப்புகள் சுற்று ஊர்களிலிருந்து வந்து சேர்கின்றன; வேண்டுதலுக்காக ஊர் ஆண்களும் தாலி கட்டிக்கொள்கிறார்கள். பூசாரி, வளையல்காரர், பெண் வேஷம் கட்டிய கூத்துக் கலைஞர் எல்லோரும் பேசும் காட்சியாக இருந்தால்தான் "அவர்கள் விழா" என்ற விலகல் உடையும். திண்டிவனத்தில் கண்காட்சியைக் கூத்தோடு திறக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கூவாகம் வெளியே அறியப்படுவது திருநங்கைகளின் விழாவாகத்தான். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களுக்கும் பெண்களுக்கும் திருநம்பிகளுக்கும் இந்த மாவட்டத்தில் திருவிழாவும் இல்லை, ஜமாத்தும் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அவர்களை விட்டது 2018 செப்டம்பர் 6 அன்றுதான். அவர்களுடைய வரலாறு கடிதம், திருமண அழைப்பிதழ், பாதி வெட்டிய புகைப்படம் என்று மறைந்து கிடக்கும். பெயரில்லாமல் தர ஒரு வழி வையுங்கள். எதுவும் வராவிட்டால் அந்தப் பேழையைக் காலியாகவே வைத்துக் காரணத்தை எழுதுங்கள்.

நாள் குறிப்பதும் கடினமல்ல. ஏப்ரல் 15 அரசு அறிவித்த திருநங்கையர் தினம். 2014இல் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்சநீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு வந்ததும் அதே தேதியில். அன்று திறந்து, சித்திரைப் பௌர்ணமியையொட்டிய தேரோட்டம் முடியும்வரை வைத்திருந்தால், விழாவுக்கு வருகிறவர்களே முதல் பார்வையாளர்களாக இருப்பார்கள். புகைப்படத் தொகுப்புகளைப் பேணுவதில் நீண்ட அனுபவம் கொண்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பக்கத்துப் புதுச்சேரியில் இருக்கிறது. தொழில்நுட்ப உதவியை அங்கே கேட்கலாம். பணம் பெரிதாக வேண்டாம். நகராட்சி மண்டபம் போதும்.

கடலூர், விழுப்புரம், புதுச்சேரியில் பணிபுரியும் காப்பாட்சியர்களும் ஆவணக் காப்பாளர்களும் திட்ட அறிக்கை எழுத உட்காருமுன் ஜமாத் மூத்தவர்களைப் போய்ப் பாருங்கள். என்ன காட்டலாம், என்ன காட்டக் கூடாது என்று அவர்கள் சொன்ன பிறகு பேழைகளுக்கு அளவெடுங்கள்.