பாட்டிலில் எழுதிய வயது

ரம் பாட்டிலின் மேல் கொட்டை எழுத்தில் ஓர் எண் இருந்தால் விலை ஏறுகிறது. 12 என்றால் நல்லது, 23 என்றால் அதைவிட நல்லது என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்கிறோம். அந்த எண்ணிடம் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: எந்த வெயிலில் கழிந்த வயது, யாருடைய வயது? ஸ்காட்லாந்துக் குளிரில் ஓக் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. கரீபியன் வெக்கையில் 6 சதவீதமோ அதற்கு மேலோ போய்விடும். 12 ஆண்டு முடிவில் அங்கே முக்கால் பங்குக்கு மேல் மிஞ்சும், இங்கே பாதிகூட மிஞ்சாது. அந்தச் சூட்டில் சாராயம் மரத்தின் வாசனையையும் துவர்ப்பையும் வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே பார்படாஸிலேயே 12 ஆண்டு கிடந்த ரம்மும், வடித்த சூட்டோடு கப்பலேறி ஐரோப்பியக் கிடங்கில் 12 ஆண்டு கிடந்த ரம்மும் சமவயதுக்காரர்கள் அல்ல. வெப்பநாட்டில் வயது ஏறிக்கொண்டே போவதும் வரமில்லை. ஓர் எல்லை தாண்டினால் கரும்பு மறைந்து மரம் மட்டுமே நாக்கில் நிற்கும்.

யாருடைய வயது என்பது இன்னும் சிக்கல். ஜமைக்காவில் அந்த எண் கலவையிலேயே இளைய ரம்மின் வயதைக் குறிக்கும். குவாத்தமாலாவின் ஸகாப்பா 23-இல் இருப்பதோ 6 முதல் 23 ஆண்டு வரையிலான ரம்களின் கலவை. இதோடு சர்க்கரையும் சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ரம்மில் லிட்டருக்கு 20 கிராம் வரை இனிப்பூட்ட அனுமதிக்கிறது. இனிப்புச் சேர்ப்பது சில ஊர்களின் மரபு, குடிப்பவருக்கும் பிடிக்கிறது, உங்களுக்கென்ன என்று கேட்பார்கள். பிடித்தால் குடிக்கட்டும். ஆனால் பல ஆண்டுகள் பீப்பாயில் கிடந்து வர வேண்டிய வழவழப்பைச் சர்க்கரை ஒரே நாளில் போலியாகத் தந்துவிடுகிறது. வயதுக்குக் காசு வாங்குகிறவர் அதை லேபிளில் சொல்ல வேண்டாமா?

அப்படியானால் வயதுக்கு மதிப்பே இல்லையா? ஒரே ஆலையின் 12-ஐயும் 15-ஐயும் ஒப்பிட அது உதவும். ஆலைக்கு ஆலை ஒப்பிட உதவாது, ஏனெனில் ரம்மின் குணத்தில் பெரும்பங்கு பீப்பாய்க்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஜமைக்காவின் ஹாம்ப்டன் ஆலையில் ஊறல் வாரக்கணக்கில் புளிக்கிறது; அழுகும் தறுவாயிலுள்ள அன்னாசியின் மணம் அங்கேயே பிறக்கிறது. கயானாவின் டைமண்ட் ஆலையில் போர்ட் மோரண்ட் தோட்டத்திலிருந்து வந்த மரத்தாலான வாலை இன்றும் வடிக்கிறது. அந்த வாலையின் கனத்த மணத்தை எந்தப் பீப்பாயும் பின்னால் கொடுக்க முடியாது.

ரசனை என்ற பெயரில் குடிக்குச் சால்வை போர்த்துகிறீர்கள் என்பது நம் ஊரில் எழக்கூடிய நியாயமான ஆட்சேபம். சால்வை வேண்டாம், குடிக்காதவருக்கு இந்தக் கணக்கும் வேண்டாம். காசு கொடுப்பவருக்கு மட்டும், கிடந்த ஊரும் வடித்த முறையும் சேர்த்த சர்க்கரையும் லேபிளில் இருக்கட்டும். பார்படாஸின் ஃபோர்ஸ்குவேர் ஆலை தன் சிறப்பு வரிசை ரம்களில், எந்தப் பீப்பாயில் எத்தனை ஆண்டு என்பதை அச்சிட்டே விற்கிறது.