பிரம்ம கமலம்: பனிக்கு அஞ்சாத பூ

இரவு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. "பிரம்ம கமலம் பூத்திருக்கு, வந்து பாருங்க." மொட்டை மாடித் தொட்டியில் வெள்ளை வெளேரென்று ஒரு பூ. குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். விடிந்தால் பூ வாடித் தொங்கிவிடும். சென்னை, பெங்களூர், மும்பை என்று எங்கும் இது பழகிய காட்சி. ஆனால் அந்தப் பூவுக்கும் பிரம்ம கமலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் ஒரு கள்ளி. பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டது.

நிஜமான பிரம்ம கமலத்தைப் பார்க்க இமயமலை ஏற வேண்டும். உத்தராகண்ட் மாநிலத்தின் கர்வால் பகுதியில், ஹேம்குண்ட் ஏரிக்குப் போகும் செங்குத்தான பாதையில், ஆகஸ்ட் மாதத்தில் மரங்கள் எல்லாம் பின்தங்கிவிட்ட உயரத்தில், பாறை இடுக்குகளில் அது நிற்கும். முழங்கால் உயரம்கூட இராது. பார்த்த உடனே பூ என்றே தோன்றாது. வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்த மெல்லிய காகிதத்தைக் குவித்து வைத்தது போல ஒரு உருவம். 2000-ல் உருவான உத்தராகண்ட், இதையே மாநில மலராகத் தேர்ந்துகொண்டது.

பெயரில் கமலம் இருந்தாலும் இது தாமரை இனமே அல்ல. சூரியகாந்தி, சாமந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் இதன் பேரினத்துக்கு சாசூரியா என்று பெயர். 1787-ல் ஐரோப்பாவின் மோன் பிளான் சிகரத்தில் ஏறிய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி சாசூரையும், அவருடைய மகனையும் நினைவுகூரும் பெயர் அது.

4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். புற ஊதாக் கதிர்கள் கடுமையாகத் தாக்கும். பகலில் வெயில் சுடும், பொழுது சாய்ந்தால் நடுக்கும். ஜூனில் பனி உருகி, அக்டோபரில் மறுபடி மூடிக்கொள்ளும். இடைப்பட்ட நான்கு மாதமும் பெரும்பாலும் பருவமழைக் காலம். அதற்குள் தழைத்து, பூத்து, விதை விட்டாக வேண்டும்.

இதற்காக அந்தச் செடி தானே ஒரு வீடு கட்டிக்கொள்கிறது. நாம் இதழ் என்று நினைப்பது இதழே அல்ல. பூக்களைச் சுற்றி வளரும் ஒருவகை இலை. பாடப்புத்தகங்கள் அதைப் பூவடிச் செதில் என்கின்றன. உண்மையான பூக்கள் கருஊதா நிறத்தில், கொத்தாக உள்ளே ஒளிந்திருக்கின்றன. ஒளி ஊடுருவும் அந்த இலைக்கூடு வெயிலை உள்ளே விடும், காற்றைத் தடுக்கும். மழைத்துளி நேரடியாக விழுந்து மகரந்தத்தைக் கெடுக்காமலும் காக்கும். இப்படிப்பட்டவற்றைத் தாவரவியலாளர்கள் 'கண்ணாடி வீட்டுத் தாவரங்கள்' என்கிறார்கள்.

இதன் உறவான ஃபேன் கமல் இன்னும் உயரே, பனியாறுகள் உருட்டிவிட்ட கற்குவியல்களில் வாழ்கிறது. அது வேறு வழி கண்டது. உடல் முழுவதும் வெள்ளைக் கம்பளி போர்த்தியது போல அடர்ந்த ரோமம். மகரந்தம் சேர்க்க வரும் வண்டுத் தேனீக்களுக்காக உச்சியில் மட்டும் ஒரு சின்ன வாசல்.

குளிருக்கும் காற்றுக்கும் வழி கண்டுபிடித்த செடிகளுக்கு, பறிக்கும் கையைச் சமாளிக்கத் தெரியவில்லை. பிரம்ம கமலம் கேதார்நாத்திலும் பத்ரிநாத்திலும் இறைவனுக்குச் சாற்றும் மலர். நந்தாதேவிக்கும் உகந்தது. அது முழுதாக விரிந்து அழகாக இருக்கும்போதுதான் பறிக்கிறார்கள். அப்போது விதை முற்றியிருக்காது. வேர் அடுத்த ஆண்டு மறுபடி தழைக்கலாம். ஆனால் புதிய தலைமுறைக்கான விதை கூடையோடு போய்விடுகிறது.

மலைக்கிராமங்களின் பழைய வழக்கம் இதை அறிந்தே ஏற்பட்டது போலிருக்கிறது. ஆவணி, புரட்டாசியை ஒட்டி வரும் நந்தாஷ்டமிக்கு முன் பிரம்ம கமலத்தைத் தொடக் கூடாது என்பது அங்கே பல ஊர்களில் கட்டுப்பாடு. அந்த நாளில் வெறுங்காலுடன் மேலே ஏறி, தேவிக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவருவார்கள். அதற்குள் பல செடிகளில் விதை முற்றத் தொடங்கியிருக்கும். யாத்திரை வழியில் பூவை விலைக்கு வாங்கும் வெளியூர் பக்தருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

தொடர்ந்து பறித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. சீன, திபெத் மலைகளில் வளரும் இன்னொரு சாசூரியாவை மருந்துக்காகப் பறிக்கிறார்கள். பெரிய செடிகளுக்குத்தான் கிராக்கி. வேய்ன் லா, ஜேன் சாலிக் என்ற இரு ஆய்வாளர்கள், நூறாண்டுக் காலத்தில் உலர்த்திச் சேமிக்கப்பட்ட மாதிரிகளை அளந்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் செடி வரவரக் குள்ளமாகியிருந்தது. பெரியவை விதை விடுமுன் பறிபோக, சிறியவையே சந்ததி பெருக்கின. அதிகம் பறிக்கப்படாத மற்றொரு சாசூரியா இனம் அப்படிக் குறுகவில்லை.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கோஷ்டமும் இதன் நெருங்கிய உறவுதான். வேருக்காகத் தோண்டித் தோண்டி, காடுகளில் அது அருகிப்போனது. காட்டிலிருந்து எடுத்ததைப் பன்னாட்டு வணிகத்தில் விற்க இப்போது தடை உண்டு.

வெப்பம் கூடினால் மலைச் செடிகள் மேலே நகர்ந்து குளிரைத் தேடும். உச்சியை ஒட்டி வாழும் செடிக்கு அதற்கு மேல் போக இடம் இல்லை. அந்த ஆபத்தைத் தடுக்க உலகமே முயல வேண்டும். பூவைப் பறிக்காமல் சில வாரம் பொறுத்திருக்க, மலை ஏறும் பக்தர் ஒருவர் மனம் வைத்தால் போதும்.