பல்டிக்கு மதிப்பெண் வேண்டாம்

பெரம்பலூர் எம்.ஜி.ஆர். விளையாட்டு மைதானத்திலோ அரியலூரிலோ சிலம்பப் போட்டி நடக்கும் நாளில் ஓரமாக நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். காலடி பிசகாமல், இடக்கையும் வலக்கையும் ஒன்றுபோல வீச, கம்பின் ஓசை ஒரே சீராக வர ஆடும் பிள்ளைக்குக் கூட்டம் சும்மா இருக்கிறது. அடுத்து வரும் பிள்ளை கம்பை உயர எறிந்துவிட்டு அந்தர் பல்டி அடித்து, விழுகிற கம்பைப் பிடித்தால் மைதானமே எழுந்து நிற்கிறது. கைதட்டுவது கூட்டத்தின் உரிமை. நடுவரின் பேனாவும் அந்தக் கைதட்டலின் பின்னால் போவதுதான் தவறு. தனித்திறன் சிலம்பத்தில் ஆபத்துக்கென்று ஒரு மதிப்பெண்கூடத் தரக் கூடாது. ஆடுவது பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் இதில் விதிவிலக்கே கூடாது.

கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் ஆடிய காலத்தில் எதற்கு மதிப்பெண் என்ற கேள்விக்கே இடமில்லை. அங்கே பரிசு என்பது ஒரு துண்டு, ஒரு மாலை, ஆசானுக்கு வெற்றிலை பாக்கு. இன்று அப்படியில்லை. முதலமைச்சர் கோப்பையில் சிலம்பம் இருக்கிறது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் மக்காச்சோளக் காட்டில் கூலி வேலை செய்யும் தாய்க்கு, மகள் வாங்கும் சான்றிதழ் ஒரு அரசு வேலைக்கான வாசல். அந்தச் சான்றிதழை எது வாங்கித் தருகிறதோ அதைத்தான் மகள் விடிகாலையில் எழுந்து பழகுவாள். பல்டிக்கு மதிப்பெண் என்றால் பல்டி. காலடிக்கு மதிப்பெண் என்றால் காலடி. மதிப்பெண் தாளை எழுதுகிறவர்தான் நமது ஊர் மைதானங்களில் பிள்ளைகள் எப்படி விழுவார்கள் என்பதையும் எழுதுகிறார்.

இதை நாம் ஊகத்தில் சொல்லவில்லை. நம் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத பனிச்சறுக்கு நடனத்தில் இது கணக்காகவே வெளிப்பட்டது. அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு தாவலுக்கும் அடிப்படை மதிப்பெண் உண்டு. 2018 வரை இருந்த பட்டியலில், லட்ஸ் என்ற தாவலில் காற்றில் நான்கு சுற்றுச் சுற்றினால் 13.6. நான்கையும் சுற்றி முடித்துத் தடாலென்று பனியில் விழுந்தால், குறைக்க வேண்டியதெல்லாம் குறைத்த பிறகும் 8.6 மிஞ்சும். அதே தாவலை மூன்று சுற்றாக, அப்பழுக்கில்லாமல், நடுவர்கள் அத்தனை பேரும் உச்ச மதிப்பெண் போடும்படி முடித்தால் 8.1. அதாவது விழுந்தவருக்கு அதிகம், அழகாக நின்றவருக்குக் குறைவு. எந்தப் பயிற்சியாளர் இதைப் பார்த்துவிட்டு மூன்று சுற்றோடு போதும் என்பார்? பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகளை நான்கு சுற்றுக்குப் பழக்கினார்கள். உடல் வளர்ந்து இடுப்பு அகன்றால் அந்தச் சுற்று வராது என்பதால், வளர்வதற்குள் பதக்கம் என்று அவசரப்பட்டார்கள். 2018இல் பட்டியலைத் திருத்தி, விழுந்தால் இழப்பு பெரிதாகும்படி செய்தார்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஊக்கமருந்துச் சர்ச்சையில் உலகத்தின் முன்னால் நொறுங்கிய பிறகு, பெரியவர்களுக்கான போட்டியில் ஆடும் குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்தினார்கள். ஜப்பானின் காவோரி சகமோட்டோ நான்கு சுற்றுத் தாவல் ஒன்றுகூட இல்லாமல் 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகச் சாம்பியன் ஆனார். பனியில் அவர் ஓடும் வேகமும் திரும்பும் நேர்த்தியும் போதுமானதாக இருந்தன. தாளைத் திருத்தினால் ஆட்டம் திருந்துகிறது.

நமக்கு நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. அகர்தலாவின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர். பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களை வைத்துச் செய்த மேடையில் பழகத் தொடங்கியவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில், உலகமே அஞ்சும் புரொடுனோவா தாவலை ஆடி, 0.150 மதிப்பெண்ணில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார். அந்தத் தாவலுக்கு அன்று கடின மதிப்பெண் 7.0. மற்ற எந்தத் தாவலுக்கும் அவ்வளவு இருக்கவில்லை. கருவிகளும் வசதிகளும் இல்லாத ஒரு பெண்ணுக்கு உலக மேடைக்குப் போக இருந்த குறுக்கு வழி அதுதான். அவருடைய துணிச்சலுக்கு முன்னால் தலை குனிகிறோம். ஆனால் கழுத்து முறியும் அபாயம் உள்ள ஒன்றுக்கு அதிக விலை வைத்து, ஏழைப் பிள்ளைகளே அதை வாங்க வரும்படி செய்த பட்டியலை நம்மால் வணங்க முடியாது. 1978இல் உலகச் சாம்பியனான சோவியத் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை எலெனா முகினா, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது, கால் முறிவு முழுதாக ஆறாத நிலையில் ஆபத்தான ஒரு பல்டியைப் பழகுகையில் தலைகுப்புற விழுந்தார். கை கால் செயலிழந்து, 2006இல் இறக்கும்வரை அப்படியே இருந்தார். அந்தப் பல்டியைப் பிறகு பெண்களுக்குத் தடை செய்தார்கள். அது முகினாவுக்கு உதவவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு வல்லரசு இருந்தது. நம் மைதானங்களில் செம்மண் இருக்கிறது. முதுகுத் தண்டில் அடிபட்ட பிள்ளையை இங்கிருந்து திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் எப்படி ஊர்ந்து போகும் என்பது இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. பல்டியை எண்ணலாம், அழகை எப்படி எண்ணுவது? அழகு என்று ஆரம்பித்தால் வேண்டியவனுக்குப் போட்டுக்கொடுப்பார்கள் அல்லவா? 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் பனிச்சறுக்கு நடன ஜோடிப் போட்டியில் இதுவேதான் நடந்தது. பிரெஞ்சு நடுவரின் ஓட்டில் ஊழல் என்று அம்பலமாகி, கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் கொடுத்துச் சமாளித்தார்கள். அதற்குப் பிறகுதான் எண்ணுகிற முறையே வந்தது. பிரான்ஸின் கறுப்பின வீராங்கனை சூர்யா பொனாலியை நளினம் போதாது என்று ஆண்டுக்கணக்கில் ஒதுக்கினார்கள் என்ற குற்றச்சாட்டும் அந்த ஆட்டத்தின் மேல் இருக்கிறது. நம் ஊரில் நளினம் என்ற பெயரில் நிறமும் சாதியும் ஆசானின் செல்வாக்கும் உள்ளே நுழையாது என்று யாரும் உறுதி தர முடியாது.

ஆனாலும் சிலம்பத்தின் அழகு வெறும் நளினம் அல்ல. காலடி வரிசை தவறியதா என்பதை ஆசான்கள் ஐந்து பேர் ஐந்து மூலையிலிருந்து பார்த்தாலும் ஒரே பதில்தான் வரும். கம்பைச் சுற்றி வீடு கட்டும்போது முதுகுப்பக்கம் திறந்து கிடந்ததா, கம்பு ஆளை மூடியதா, வலக்கையில் வந்த வீச்சு இடக்கையில் அதே வேகத்தில் வந்ததா, மூச்சு முட்டிய கடைசி நிமிடத்திலும் சுவடு அதே இடத்தில் விழுந்ததா: இவையெல்லாம் கண்ணால் பார்த்து எண்ணக்கூடியவை. எதிரி தாக்கவரும்போது உயிரைக் காத்தது இவைதான். கம்பைக் கையிலிருந்து விட்டுவிட்டு ஆகாயத்தில் புரளுகிறவன் சண்டையில் செத்திருப்பான். ஆகவே நாம் கேட்கும் அழகு, கலையின் உள்ளே இருக்கும் அறிவு.

கடினமே வேண்டாம் என்பதும் நம் கட்சி அல்ல. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் 81 நாட்டியக் கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். காலைத் தலைக்கு மேல் கொண்டுபோகும் கரணமும் உண்டு, சும்மா நிற்பதுபோல் தோன்றும் கரணமும் உண்டு. கடினமானதற்குப் பெரிய கல் ஒதுக்கவில்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, வரிசையில் ஒன்றையடுத்து ஒன்று. ஆட்டத்தின் ஓட்டத்தில் இடம் உள்ளவரை தாவலும் கலையே. தாவுவதற்காகவே ஆட்டத்தை நிறுத்தி, ஓடிவந்து, தாவி, மறுபடி நின்று மூச்சு வாங்குவது கலை அல்ல.

பல்டிக்கு மதிப்பெண் போடுவதைவிடக் கொடியது ஒன்று தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு, பானையின் மேல் நின்று, ஆணிப் பலகையின் மேல் நின்று, மணிக்கணக்கில் கம்பு சுற்றி 'உலக சாதனை' படைக்கும் சிறுவர்கள். சான்றிதழ் தர ஏதோ ஒரு தனியார் சாதனைப் புத்தகம் வந்துவிடுகிறது. கோப்பையை நீட்ட ஒரு பிரமுகரும் வந்துவிடுகிறார். ஏழு வயதுக் குழந்தையின் பாதத்தில் ஆணி பதிவதைப் பார்த்துக் கைதட்டும் பெரியவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல நாம் தயங்கவில்லை. மாவட்ட அதிகாரிகளும் பள்ளித் தலைமையாசிரியர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் இந்த மேடைகளில் ஏறக் கூடாது. செய்தியாளர்களும் இதைப் பெருமைச் செய்தியாக எழுதக் கூடாது. இந்த இதழ் எழுதாது.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் போட்டி நடத்துகிறவர்களிடம் நாம் கேட்பது இது. பதினெட்டு வயதுக்குக் கீழ் தீப்பந்தம், கூர்வாள், கண்கட்டு, அந்தர் பல்டி எதற்கும் மதிப்பெண் இல்லை என்று போட்டி அறிவிப்பிலேயே அச்சிடுங்கள். செய்தால் கழிவு என்றும் அச்சிடுங்கள். பாதிக்குக் குறையாத மதிப்பெண் காலடிக்கும் இருகை வீச்சுக்கும் இருக்கட்டும். தன் மாணவர் ஆடும்போது ஆசான் நடுவர் இருக்கையிலிருந்து எழுந்துவிட வேண்டும். ஒவ்வொரு நடுவரும் எதற்கு எவ்வளவு போட்டார் என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் படிக்கும்படி பலகையில் எழுதிவையுங்கள். இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சுண்ணக்கட்டியும் ஒரு கரும்பலகையும் போதும். அடுத்த மாவட்டப் போட்டியிலேயே தொடங்கலாம்.