4 நூல் போல்ட்டும் 12 எம்.எம். போல்ட்டும் ஒன்றல்ல

கேள்வி: ஈரோடு மாவட்டத்து வாசகர் ஒருவர் தன் அப்பா காலத்து 5 ஹெச்.பி. ஆயில் இன்ஜினைப் பற்றி எழுதியிருக்கிறார். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் மஞ்சளுக்கும் வாழைக்கும் தண்ணீர் இறைப்பது அந்த இன்ஜின்தான். ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்களில் ஒன்று முறிந்துவிட்டது. முறிந்த துண்டைப் பட்டறையில் வெளியே எடுத்துவிட்டார்கள். கடையில் ‘4 நூல்’ ஸ்டட் கேட்டதற்கு, ‘இப்போதெல்லாம் 12 எம்.எம்.தான், இரண்டும் ஒன்றுதான்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது இரண்டு மூன்று சுற்று ஆட்டத்தோடு உள்ளே போய், அதன்பின் நின்றுவிடுகிறது. ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்கிறார். முறுக்கலாமா?

பதில்: முறுக்கக் கூடாது. அந்த ஸ்டட்டைக் கையாலேயே திருப்பி வெளியே எடுத்துவிடுங்கள். ஆட்டமாக நுழைந்து பாதியில் இறுகும் போல்ட் அந்த ஓட்டைக்கு உரியது அல்ல. ஸ்டட் இரும்பு கெட்டியானது, பிளாக் வார்ப்பிரும்பு. பலம் கொடுத்தால் தோற்பது பிளாக்கில் இருக்கும் மரைதான். சில சமயம் பிளாக்கே விரிசல் விடும். ஒரு ஸ்டட் விலையில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே பழைய இரும்புக்குப் போடும் வேலையாகிவிடும்.

குழப்பம் ‘நூல்’ கணக்கில் தொடங்குகிறது. ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். கட்டடக் கம்பி வாங்கும்போது 8 எம்.எம்.மை இரண்டரை நூல் என்றும், 10 எம்.எம்.மை 3 நூல் என்றும், 12-ஐ 4 நூல் என்றும், 16-ஐ 5 நூல் என்றும் சொல்வது வழக்கம். கம்பிக்கு அது போதும். மரைக்குப் போதாது. 4 நூல் என்றால் 12.7 எம்.எம். 12-க்கும் 12.7-க்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஆட்டம். பாதியில் இறுகுவதற்குக் காரணம் வேறு. மரையின் பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி இரண்டிலும் வேறு வேறு. ஆகவே மரையைக் கண்டுபிடிக்க இரண்டு அளவு வேண்டும்: ஒன்று தடிமன், இன்னொன்று பல் இடைவெளி.

ஒரு இன்ஜினில் இத்தனை மரை எப்படி வந்தது?

1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் மரைகளுக்கு ஒரு பொது அளவு வகுத்தார். அதுதான் பட்டறைகளில் ‘விட்வொர்த்’ என்றும் ‘பி.எஸ்.டபிள்யூ.’ என்றும் சொல்லப்படுவது. அதே குடும்பத்தில் நெருக்கமான பல் கொண்ட ‘பி.எஸ்.எஃப்.’ பிறகு வந்தது. இங்கிலாந்தின் லிஸ்டர் இன்ஜின்களும், அவற்றைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்த இன்ஜின்களும் இந்த வழியில் வந்தவை. 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து ஒரு பொது மரையை ஏற்றுக்கொண்டன. அதில் அகலப் பல் ‘யூ.என்.சி.’, நெருக்கப் பல் ‘யூ.என்.எஃப்.’. பழைய மாஸி ஃபெர்குசன் 35 போன்ற டிராக்டர்களில் இவை நிறைய உண்டு. நம் நாட்டில் 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தபின் எம்.எம். மரை மெல்ல மெல்லப் பரவியது.

நாற்பது ஐம்பது வருடம் ஓடிய இன்ஜினை எத்தனையோ பட்டறைகள் பிரித்துப் பூட்டியிருக்கும். ஒரு ஓட்டையின் மரை தேய்ந்தபோது யாரோ ஒருவர் கையிலிருந்த டேப்பைப் போட்டு வேறு மரை வெட்டியிருக்கலாம். ஆகவே ‘இது இன்ன கம்பெனி இன்ஜின், எல்லாம் விட்வொர்த்தான்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஒவ்வொரு ஓட்டையையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

முறிந்த பழைய ஸ்டட்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். தேயாத பகுதியில் பல்லின் மேல்முனையில் வெர்னியர் வைத்துத் தடிமனைப் பாருங்கள். பழைய போல்ட் பெயரளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். 12.4, 12.5 என்று வந்தால் அது 4 நூல். 11.8 என்று வந்தால் 12 எம்.எம்.

அடுத்து இடைவெளி. எம்.எம். ஸ்கேலை மரையின் மேல் நீளவாக்கில் வைத்து, பத்து இடைவெளிக்கு எவ்வளவு நீளம் என்று பாருங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வேலிக்குப் பதினொரு கால் நட்டால் நடுவில் பத்து இடைவெளிதான் இருக்கும். அதேபோல் முதல் பல்லில் தொடங்கிப் பதினோராவது பல் வரை அளந்தால்தான் பத்து இடைவெளி. மரை குட்டையாக இருந்தால் ஐந்து இடைவெளியை அளந்து இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பத்து இடைவெளியின் நீளம் இப்படி வரும்:

இரண்டரை நூல்: விட்வொர்த், யூ.என்.சி. 14.1 எம்.எம்.; பி.எஸ்.எஃப். 11.5, யூ.என்.எஃப். 10.6. எட்டு எம்.எம். போல்ட்டுக்கு 12.5.

3 நூல்: விட்வொர்த், யூ.என்.சி. 15.9, பி.எஸ்.எஃப். 12.7, யூ.என்.எஃப். 10.6. பத்து எம்.எம். போல்ட்டுக்கு 15.

4 நூல்: விட்வொர்த் 21.2; யூ.என்.சி. 19.5, பி.எஸ்.எஃப். 15.9, யூ.என்.எஃப். 12.7. பன்னிரண்டு எம்.எம். போல்ட்டுக்கு 17.5.

5 நூல்: விட்வொர்த், யூ.என்.சி. 23.1, பி.எஸ்.எஃப். 18.1, யூ.என்.எஃப். 14.1. பதினாறு எம்.எம். போல்ட்டுக்கு 20.

எம்.எம். கணக்கில் சொன்னவை சாதாரண மரைக்கு. அதிலும் ‘நைஸ் மரை’ உண்டு. அதில் இடைவெளி குறைவாக இருக்கும். இரண்டரை நூல், 3 நூல், 5 நூல் மூன்றிலும் விட்வொர்த்துக்கும் யூ.என்.சி.க்கும் பல் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் பல்லின் கோணம் வேறு. விட்வொர்த் 55 டிகிரி, யூ.என்.சி. 60 டிகிரி. ஒன்றுக்குள் ஒன்று போகும், ஆனால் பல் முழுதாகப் பதியாது. தகரக் கவசம் பிடிக்கும் போல்ட்டுக்கு அது பரவாயில்லை. ஹெட், பேரிங், சக்கரம் போன்ற பாரம் தாங்கும் இடத்தில் கூடாது. 4 நூலில் பல் எண்ணிக்கையே மாறும்: அங்குலத்துக்கு விட்வொர்த் 12 பல், யூ.என்.சி. 13 பல்.

ஸ்டட்டில் இன்னொரு விஷயம் உண்டு. பிளாக்கில் இறங்கும் முனையில் அகலப் பல்லும், நட் ஏறும் முனையில் நெருக்கப் பல்லும் இருப்பது பழைய இன்ஜின்களில் சகஜம். வார்ப்பிரும்பில் அகலப் பல்தான் நன்றாகப் பிடிக்கும் என்பதால் அப்படிச் செய்தார்கள். இரண்டு முனையையும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்டட் தொலைந்துபோயிருந்தால், முனை செதுக்கிய மெதுவான மரக்குச்சி ஒன்றை ஓட்டைக்குள் அழுத்தித் திருகி எடுங்கள். பல்லின் தடம் குச்சியில் பதிந்திருக்கும், அதை எண்ணலாம். அதே ஹெட்டில் இருக்கும் மற்ற ஸ்டட்டின் நட்டும் நல்ல சாட்சி. பட்டறையில் ‘பிட்ச் கேஜ்’ என்ற சீப்பு போன்ற கருவி இருக்கும். எந்தத் தகடு வெளிச்சம் தெரியாமல் பல்லில் உட்காருகிறதோ அதுதான் அளவு.

ஸ்பேனரை மட்டும் நம்ப வேண்டாம். 19 எம்.எம். ஸ்பேனர் 12 எம்.எம். போல்ட் தலைக்கும் பொருந்தும். 4 நூல் யூ.என்.எஃப். போல்ட் தலைக்கும் பொருந்தும். தலையில் இருக்கும் குறி கொஞ்சம் உதவும். 8.8, 10.9 என்று எண் இருந்தால் எம்.எம். போல்ட். நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று கோடோ ஆறு கோடோ இருந்தால் யூ.என்.சி. அல்லது யூ.என்.எஃப்.

சரியான ஸ்டட் கிடைத்தால் அது வெறும் கையாலேயே அடிவரை இறங்கும். வார்ப்பிரும்பில் ஸ்டட் தடிமனைப் போல் ஒன்றரை மடங்கு ஆழமாவது மரை பிடித்திருக்க வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால், இரு முனை அளவையும் சொல்லி லேத்தில் கடைந்து வாங்குங்கள். ஹெட் ஸ்டட் என்று சொல்லிக் கெட்டி இரும்பில் செய்யச் சொல்லுங்கள். சாதாரணக் கம்பியில் செய்தால் நீண்டு, கேஸ்கெட் புகையும். ஓட்டையின் மரை ஏற்கெனவே போயிருந்தால், ஓட்டையைப் பெரிதாக்கி அடுத்த அளவு மரை வெட்டலாம். அல்லது கம்பிச்சுருள் மரை வைத்து பழைய அளவையே திரும்பக் கொண்டுவரலாம். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்து அடைப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் பக்கத்திலேயே விரிசல் ஓடும்.

கேள்வி: பழைய லாரி அச்சைப் போட்டுக் கட்டிய டிராக்டர் டிரெய்லரில் ஒரு சக்கரத்தின் நட் அடிக்கடி தளர்கிறது. நட் இறுக்கமாகத்தான் ஏறுகிறது என்கிறார் விழுப்புரம் மாவட்டத்து வாசகர்.

பதில்: இறுக்கமாக ஏறுவதுதான் சந்தேகத்துக்குரியது. 5 நூல் ஸ்டட்டில் 16 எம்.எம். நட்டைப் போட்டால் ஒன்றிரண்டு சுற்றில் பல் மாறி இறுகும். ஸ்பேனருக்குக் கொடுக்கும் பலமெல்லாம் மரையோடு உரசியே தீர்ந்துவிடும். கைக்கு இறுக்கம் தெரியும். ஆனால் நட் சக்கரத்தை அழுத்தியிருக்காது. கரும்பு லோடோடு பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் ஆடி, ஸ்டட் ஒவ்வொன்றாக முறியும். லோடு ஏற்றுவதற்கு முன் அந்தச் சக்கரத்தின் நட் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றும் கையாலேயே முழுதாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாத நட்டையும், அது கெடுத்த ஸ்டட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நட்டின் சாய்ந்த முகம் ரிம் குழியில் சரியாக உட்காருகிறதா என்றும் கவனியுங்கள்.

சில பழைய லாரி அச்சுகளில் இடதுபக்கச் சக்கரத்துக்கு இடதுமரை இருக்கும். அதை வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகும். ஸ்டட் மரை எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது என்று பார்த்துவிட்டு ஸ்பேனரை வையுங்கள். புது நட் போட்டபின் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

கேள்வி: அரை அங்குலக் குழாயின் மரையை அளந்தால் 21 எம்.எம். வருகிறதே, கடையில் தவறாகக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்கிறார் தேனி வாசகி.

பதில்: தவறில்லை. குழாயின் பெயர் உள்துவாரத்தை வைத்து வந்தது; மரை வெளிப்புறத்தில் இருக்கிறது. நம் ஊர்க் குழாய் மரை ‘பி.எஸ்.பி.’. அரை அங்குலத்துக்கு வெளித்தடிமன் 20.96 எம்.எம்., முக்கால் அங்குலத்துக்கு 26.44, ஒரு அங்குலத்துக்கு 33.25. முதல் இரண்டிலும் அங்குலத்துக்கு 14 பல். ஒரு அங்குலக் குழாயில் 11 பல். வெளிநாட்டு ஸ்பிரேயர், ஃபில்டர் சிலவற்றில் அமெரிக்க ‘என்.பி.டி.’ மரை வரும். அரை, முக்கால் அங்குலத்தில் அதற்கும் 14 பல்தான். அதனால் சில சுற்று ஏறிவிடும். கோணம் வேறு என்பதால் எவ்வளவு டேப் சுற்றினாலும் கசியும். அப்படிக் கசிந்தால் இறுக்கிக்கொண்டே போகாமல், இரண்டு மரைக்கும் நடுவில் போடும் அடாப்டர் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் பாகமாக இருந்தால் கூடுதல் இறுக்கத்தில் வெடித்துவிடும்.

மூவருக்கும் பொதுவாக ஒரு யோசனை. கடைக்குப் போகும்போது போல்ட்டை மட்டும் கொண்டுபோகாமல், அதற்குப் பொருந்தும் நட்டையும் கொண்டுபோங்கள். வாங்கும் முன் கடையிலேயே கையால் ஏற்றிப் பாருங்கள். பட்டறையில் எந்த ஓட்டைக்காவது மரை மாற்றினால், எந்த ஓட்டை, என்ன மரை என்று கேட்டு, தேதியோடு இன்ஜின் ஷெட் சுவரில் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். அடுத்த முறை இன்ஜினைப் பிரிப்பவர் மகனாக இருந்தாலும் மெக்கானிக்காக இருந்தாலும், அளந்து தேட வேண்டியிருக்காது.