கட்டியா, காளானா?

நம்முடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவருடைய தமையனாருக்குச் சில மாதங்களாகத் தீராத தலைவலி. ஒருநாள் வலிப்பும் கண்டது. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் முன்புறத்தே கட்டியொன்று தென்பட்டது. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வீடு இழவு வீடாயிற்று. சிறிது சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமென்றார் வைத்தியர். "புற்றென்று தெரிந்தபின் கத்தி எதற்கு? நிம்மதியாக இருக்கட்டுமே" என்றவர்களுள் நாமும் ஒருவர். பட்டம் பெற்றவர் என்ற பெயர் வேறு நமக்கு!

நல்லவேளையாக அவருடைய மனைவியார் நம் சொல்லைக் கேட்கவில்லை. சோதனையில் வெளிப்பட்டது புற்று அன்று; ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சைக் காளான்!

இஃதென்ன விந்தை என நேயர்கள் வினவலாம். ஊறுகாய் ஜாடியில் பூக்கும் பூஞ்சையின் உறவினர் சிலர் மூளையிலும் குடியேறுவதுண்டு. ஆஸ்பெர்ஜில்லஸ் பெரும்பாலும் மூக்கை அடுத்த சைனஸ் அறைகளிலிருந்து மேலேறும். அல்லது நுரையீரலிலிருந்து இரத்தத்தோடு வரும். புறா எச்சம் கலந்த மண்ணில் வாழும் கிரிப்டோகாக்கஸும் சுவாசத்தின் வழியே நுரையீரல் புகுந்து மூளையை அடைவது. 2021-இல் கொரோனாவைத் தொடர்ந்து பரவிய கறுப்புப் பூஞ்சையை யாவரும் அறிவோம். கட்டுக்கடங்காத நீரிழிவு உடையோரும், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோரும் இவற்றிற்கு எளிதில் இரையாவர்; எனினும் திடகாத்திரரும் தப்புவதாகச் சொல்வதற்கில்லை.

படம் பொய் சொல்வதில்லை. ஆனால் முழுவதும் சொல்வதுமில்லை. வளையம்போல் ஒளிரும் விளிம்பும், சுற்றிலும் வீக்கமும் புற்றுக்கும் உண்டு, காசநோய்க் கட்டிக்கும் உண்டு, பூஞ்சைக்கும் உண்டு. இந்த மயக்கம் ஆபத்தானது. புற்றுக் கட்டியின் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு, பூஞ்சையாயின் உடலின் காவலை ஒடுக்கிப் பகைவனுக்குக் கதவைத் திறந்துவிடக்கூடும்.

ஆதலின், இத்தகைய நிலை நேர்ந்தால் குடும்பத்தார் வைத்தியரிடம் பணிவுடன் ஒன்று கேட்கலாம்: "எடுக்கும் சதையில் ஒரு பகுதியைக் கிருமி வளர்த்துப் பார்க்கவும் அனுப்புவீர்களா?" முழுவதையும் ஃபார்மலினில் இட்டுவிட்டால் பூஞ்சை மடிந்துபோம், பின்னர் வளர்த்து இனம் காண இயலாது. இனம் தெரிந்தாலன்றோ ஏற்ற மருந்து தெரியும்! ஆஸ்பெர்ஜில்லஸுக்கு வோரிகோனசோல் முதன்மையானது; கிரிப்டோகாக்கஸுக்கு ஆம்ஃபோடெரிசினில் தொடங்குவர். சிகிச்சை பல மாதங்கள் நீளும். எல்லாரும் பிழைப்பதில்லை என்பதையும் மறைத்தல் தகாது.

நிற்க. நம் நண்பரின் தமையனார் பல ஆண்டுகளாக மூக்கடைப்பை "வெறும் சளி" என்று தள்ளி வந்தவர். அறுவையும் ஓராண்டு மருந்துமாக மீண்டார். இடக்கை இன்னும் சற்றுத் தளர்ந்தே இருக்கிறது. சென்ற வாரம் கடையில் அமர்ந்து, வலக்கையால் நமக்கு அரிசி நிறுத்துக் கொடுத்தார். நாம் அன்று சொன்ன யோசனை அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.