கண்ணாடிப் பெட்டியில் குழந்தை: தாய்க்கு லீவு எங்கே?

பத்து வாரம் முந்திப் பிறந்த குழந்தை எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்கும்? பிறக்க வேண்டிய தேதியை ஒட்டித்தான் அது வீட்டுக்கு வரும் என்பது டாக்டர்கள் கூறும் பொதுக்கணக்கு. அதாவது ஏறக்குறைய 70 நாட்கள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தாய்க்குச் சட்டம் தரும் பிரசவ லீவு 98 நாட்கள். பிரசவத்துக்கு மறுநாளுக்கு அப்பால் அதைத் தள்ளிவைக்கவும் இடமில்லை. ஆகவே குழந்தை வீடு வந்து சேரும்போது தாயிடம் மிஞ்சுவது 28 நாட்கள்! தகப்பனுக்கு உள்ள 7 நாட்களோ, குழந்தை கண் திறந்து பார்க்குமுன்பே தீர்ந்துவிடும்.

தோழர்களே, இந்த அநீதியைப் பேசுமுன், அந்த வார்டுக்குள் நடப்பது என்னவென்று நம்மவர் அறிய வேண்டும். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மூக்கில் குழாயும் காலில் ஒயரும் மாட்டியிருப்பதைக் கண்டதும், பிழைக்காது என்றே பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். பெட்டி சூட்டுக்காக, மூக்குக் குழாய் பெரும்பாலும் மூச்சுக்குத் துணையாக, வாய்வழிக் குழாய் பால் இறக்குவதற்காக. மணி அடிக்கடி அடிக்கும். அடித்தபோதெல்லாம் ஆபத்து என்று அர்த்தமில்லை. முதல் சில நாட்களில் எடை குறைவதும் இயல்பே. நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டிப் படுக்க வைப்பது மஞ்சள் காமாலைக்கான வைத்தியம்.

1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முந்தி ஒரு மகன் பிறந்தான். எடை 2 கிலோவுக்குச் சற்று அதிகம். நுரையீரல் விரியாமல் இரண்டே நாளில் மாண்டான். உலகின் பெரிய நாட்டுத் தலைவராலும் காப்பாற்ற முடியாத அத்தகைய குழந்தை, இன்று நம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் பிழைத்து வீடு திரும்புகிறது. 1957இல் இந்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று பத்துக்கும் கீழே. எனினும் ஒரு கிலோவுக்கும் குறைந்த குழந்தைக்கு எவரும் உறுதிமொழி தர முடியாது. இன்று நன்றாக இருந்து நாளை கிருமி தாக்குவதும் உண்டு. டாக்டர் "பார்ப்போம்" என்றால் அவர் மறைக்கிறார் என்று எண்ண வேண்டாம். விளங்கவில்லையெனில் மறுபடியும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல, உரிமை.

அங்கே தாய் வெறும் பார்வையாளர் அல்ல. அவள் கறந்து கொடுக்கும் சீம்பாலுக்கு ஈடான மருந்து கடையில் இல்லை. குறைமாதக் குழந்தையின் குடலைக் கெடுக்கும் கொடிய நோயை அது பெரிதும் தடுக்கிறது. குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைத்திருக்கும் முறை 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், பிறந்த உடனேயே அதைத் தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்று பரிந்துரைத்தது. தகப்பன் மார்பும் ஆகும். ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? பச்சை உடம்புக்காரி முப்பது நாள் வாசல் தாண்டக்கூடாது என்று மாமியார் தடுக்கிறார். குழந்தை தனியே கிடக்கிறது. பத்தியம் இருக்கட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மிளகு ரசத்தைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே!

போவது சுலபமா என்றால், இல்லை. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியில் இருந்தாலே வெளித்தோட்டத்துக்காரருக்கு நாள் கூலி போகும், வண்டிச் செலவும் ஏறும். கோலாலம்பூருக்கு மாற்றிவிட்டால், கிள்ளானில் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் சென்ட்ரலில் இறங்கி, அப்பாலும் போக வேண்டும். விடியுமுன் மரம் சீவப் போய், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்து, குளித்துக் கிளம்பினால் மாலையாகிவிடும்.

கிராணிமார் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல், தகுந்த காரணமின்றியும் தெரிவிக்காமலும் வேலைக்கு வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவராகிறார் என்கிறது சட்டம். குழந்தை உயிருக்குப் போராடுவது தகுந்த காரணமன்றி வேறென்ன? செக்ரோலில் 'ஆப்சென்ட்' போடுமுன் ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் சேருங்கள். தகப்பன் லீவுக்கு ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். முந்திப் பிறந்துவிட்டால், பிறந்தபின் இயன்ற விரைவில் தெரிவித்தாலும் போதும். இதைப் பெரட்டுக் களத்தில் உரக்கச் சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் நம் தோட்ட முதலாளிகளின் தாயகமாயிருந்த பிரிட்டனில், 2025 ஏப்ரல் 6 முதல் புதுச் சட்டம் நடப்பில் உள்ளது. பிறந்த 28 நாளுக்குள் வார்டில் சேர்க்கப்பட்டு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும் குழந்தைக்காக, தாய் தகப்பன் ஒவ்வொருவருக்கும் 12 வாரம் வரை கூடுதல் லீவு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? குழந்தை வார்டில் இருக்கும் நாட்கள் 98இல் சேரக்கூடாது. தகப்பனுக்கு வாரம் இரு நாளாவது கூலியோடு லீவு வேண்டும். தோட்டத்து வண்டி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குமுன் இம்மூன்றையும் ஒவ்வொரு கிளையும் தீர்மானமாக்கித் தலைமையகத்துக்கு அனுப்பட்டும்.