ஊட்டிவிடாதீர்கள்!

போன வருஷம் ஆனி மாதம், விடியற்காலையில் பல் விளக்கப் போன என் மாமியார் கிணற்றடியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறி, வலது கை துவண்டு தொங்கிவிட்டது. பக்கவாதம். நல்லவேளை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று இருந்துவிடாதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அத்தை வீடு திரும்பியதும் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பல் விளக்கிவிட்டேன், குளிப்பாட்டினேன், தலை வாரினேன், சோறு பிசைந்து ஊட்டினேன். "மருமகள்னா இவளல்லவா மருமகள்!" என்று தெருவே மெச்சியது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்?

ஆனால் ஒரு மாதத்தில் அத்தை பேசுவதையே விட்டுவிட்டார்கள். வீட்டையே கட்டி ஆண்ட மனுஷி, விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார்கள். ஒருநாள் ரசஞ்சோறு ஊட்டும்போது கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர். "காரமா அத்தை?" என்றேன். இல்லை என்று தலையசைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுபடி டாக்டரிடம் காட்டியபோது, "ஆக்குபேஷனல் தெரபிக்குப் போங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்றார்கள். அறுபத்தெட்டு வயதில் அத்தைக்கு என்ன தொழில் என்று நான் விழித்தேன். அங்கிருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சிரித்துவிட்டாள். "சம்பளத்துக்குப் போறது மட்டும் தொழில் இல்லம்மா. பல் விளக்குறது, குளிக்கிறது, சேலை கட்டுறது, சாப்பிடுறது, பூக் கட்டுறது எல்லாம் மனுஷங்க தொழில்தானே?" என்றாள். பிஸியோதெரபி தசைக்கும் மூட்டுக்கும் பலம் தருகிறது. அந்தப் பலத்தை அன்றாட வேலைக்குப் பழக்குவதும், உடம்பு வளையாத இடத்தில் வேலையையும் சாமானையும் உடம்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பதும் இவர்கள் பொறுப்பாம்.

அவள் அத்தையிடம் "எங்கே வலிக்குது?" என்று கேட்கவில்லை. "ஆச்சி, காலையில எந்திச்சதும் என்னவெல்லாம் செய்வீங்க?" என்று கேட்டாள். வாசல் தெளிப்பது, கோலம், வெள்ளிக்கிழமை காந்திமதியம்மனுக்குப் பிச்சிப்பூ கட்டிக்கொண்டு போவது என்று, குழறலோடு அத்தை பேசியது பத்து நிமிஷம்! பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "இனிமே ஊட்டிவிடாதீங்கம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

இடது கையால் சாப்பிடலாமே என்று நான்தான் சொன்னேன். அத்தைக்கு வந்ததே கோபம்! "இடது கையால சோறு திங்கவா என்னைப் பெத்தாவ? பட்டினி கிடந்தாலும் கிடப்பேன்!" அந்தப் பெண் வாதாடவில்லை. ஸ்பூன் காம்பில் பழந்துணியைச் சுற்றிச் சுற்றிக் கனமாக்கினாள். லேசாக அசைவு வந்திருந்த வலது விரல்களுக்குள் அதை வைத்து, மணிக்கட்டை இடது கையால் தாங்கச் சொன்னாள். "வலது கைதான் ஊட்டுது ஆச்சி. இடது கை சும்மா ஒத்தாசைக்கு." அத்தை யோசித்தார்கள். ஒத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் பாதிச் சோறு மடியில். ஒரு சாப்பாட்டுக்கு நாற்பது நிமிஷம். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது இருக்கிறதே, ஊட்டிவிடுவதைவிடக் கஷ்டம்! என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "எங்கம்மாவை இப்படிப் போட்டு வதைக்கியே, மதினி" என்று அழுதாள். அன்று ராத்திரி எனக்கும் தூக்கம் இல்லை.

ஆனால் காரணம் இருக்கிறது. மூளையில் ஒரு பகுதி பழுதானால், திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால் மற்றப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். முதல் சில மாதங்களில் அது வேகமாக நடக்கும். அந்த நாட்களில் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால், கை கற்றுக்கொள்ள வாய்ப்பு ஏது?

நான் கற்ற சில விஷயங்கள்: தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நகராது. விளிம்பு உயர்ந்த தட்டு நல்லது. ஜாக்கெட் போடும்போது பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில். பாதித்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். குளிக்க முக்காலி, சுவரில் கைப்பிடி. விழுங்கும்போது இருமலோ புரையேறலோ இருந்தால், டாக்டரைக் கேட்காமல் வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

இது ஏதோ பட்டணத்து வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். முன்பு நம் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஆய்க்குடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஊர் எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை தந்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரையே அதற்கு வைத்தார். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்பி, தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கிறது அந்தச் சங்கம். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

பிளஸ் டூவில் அறிவியல் படிக்கும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் படிப்பையும் எண்ணிப் பாருங்கள். 1950-லேயே பம்பாயில் கமலா நிம்ப்கர் என்ற அம்மையார் நம் நாட்டில் இதற்கு முதல் பள்ளியைத் தொடங்கினார். இப்போது வேலூர் சி.எம்.சி.யிலேயே பட்டப்படிப்பு இருக்கிறது.

அத்தைக்குக் கை முழுக்க வந்துவிடவில்லை. சேலைக் கொசுவம் இன்றும் நான்தான் வைக்கிறேன். ஆனால் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு முழம் பிச்சிப்பூவை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கட்டி முடித்தார்கள். பூவுக்கும் பூவுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. அதையே அம்மனுக்குக் கொண்டுபோனோம். திரும்பி வந்து தாமே சாப்பிட உட்கார்ந்தவர்கள், "ஏளா, ரசத்துல புளி கூடிப்போச்சு" என்றார்கள். எத்தனை மாதத்துக்குப் பிறகு வாங்கிய திட்டு! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு கரண்டியை அவர்கள் கையில் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். நேரம் ஆகும்தான். ஆகட்டுமே!